இசுசு கார்களை விட்டுவிட்டு லாரியோடும் டீசல் எஞ்சினோடும் நின்றுவிட்டது ஏன்?

துவாஸ்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரின் துவாஸில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வண்டிகளையும் ஓட்டுநர்களையும் ஒதுக்கும் பணியில் இருக்கிறேன். எங்கள் முற்றத்தில் நிற்கும் பத்தடி, பதினான்கடி லாரிகளில் பெரும்பாலானவை ஜப்பானிய வண்டிகள். அவற்றிலும் இசுசுவின் பெயரே அதிகம் கண்ணில் படுகிறது. நாள்தோறும் கையாளும் வண்டியைச் செய்தவர்கள் யார், எந்தச் சூழலில் தொழிலைத் தொடங்கினார்கள் என்பதை அறிந்துகொள்ளும் ஆர்வம் எனக்கு நெடுநாளாக உண்டு. இந்த வரலாற்றைக் கோவையாகச் சொல்லும் தமிழ்க் கட்டுரை எதுவும் என் கைக்குக் கிடைக்காததால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் ஓட்டுநர்களில் மூத்தவரான ஓர் அண்ணன், இசுசுவும் ஹினோவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று உறுதியாகச் சொல்கிறார். மேற்பார்வையாளரோ, அது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்த நிறுவனம் என்கிறார். வண்டி பழுதுபார்க்கும் இடத்தில் கேட்டால், டொயோட்டாவுக்கு அதில் பங்கு உண்டு என்று பதில் வருகிறது. இம்மூன்றும் ஒருசேர உண்மையாக இருக்க முடியுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அண்மையில் ஒரு பழைய கார் இதழில் 117 கூப்பே என்ற இசுசு காரின் படத்தைப் பார்த்தேன். அவ்வளவு அழகான காரைச் செய்தவர்கள் எதற்காகக் கார்த் தொழிலையே விட்டு விலகினார்கள்? விற்பனை சரியில்லை என்ற ஒற்றை வரிப் பதில் எனக்குப் போதவில்லை. விவரம் அறிந்தவர்கள் நேரம் ஒதுக்கி எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையஏடு:

வணக்கம். உங்கள் ஓட்டுநர் அண்ணன் சொன்னது சரி. மற்ற இருவர் சொன்னதும் அந்தந்தக் காலத்துக்குச் சரியே. முதலில் பிறப்பைப் பார்ப்போம், ஏனெனில் பின்னால் நடந்த பலவற்றுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இந்த நிறுவனம் ஒரு கப்பல் கட்டும் தளத்திலிருந்து பிறந்தது. 1853இல் தொடங்கப்பட்ட இஷிகாவாஜிமா கப்பல் தளம் முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல வருவாய் ஈட்டியது. போர் முடிந்தால் கப்பல்களுக்கான தேவை சரியும் என்பதை உணர்ந்த அதன் நிர்வாகம், 1916இல் தோக்கியோ எரிவாயு மின்சாரத் தொழில் நிறுவனத்துடன் சேர்ந்து மோட்டார் வாகனத் தயாரிப்புக்குத் திட்டம் தீட்டியது. இசுசு தன் தொடக்க ஆண்டாக இந்த 1916ஐயே குறிப்பிடுகிறது. 1918இல் பிரிட்டனின் வோல்ஸ்லி நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, கிழக்காசியாவில் வோல்ஸ்லி வண்டிகளைத் தயாரித்து விற்கும் உரிமை இஷிகாவாஜிமாவுக்குக் கிடைத்தது. அதன்படி 1922இல் ஜப்பானில் உருவான முதல் வோல்ஸ்லி வண்டி லாரி அன்று, ஏ9 என்ற பயணிகள் கார். ஆகவே இசுசுவின் வரலாறு காரில்தான் தொடங்குகிறது.

அதை லாரியின் பக்கம் திருப்பியவை இரண்டு. ஜப்பான் அரசு 1918இல் இராணுவ வாகன மானியச் சட்டத்தை இயற்றியது. குறித்த தரத்தில் லாரி செய்பவருக்கும் அதை வாங்குபவருக்கும் அரசு பணம் தரும். போர் வந்தால் இராணுவம் அந்த லாரியை எடுத்துக்கொள்ளும் என்பதே அதன் சாரம். 1923 செப்டம்பர் 1ஆம் தேதி காந்தோ நிலநடுக்கம் தோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் தரைமட்டமாக்கி, ரயிலும் டிராமும் ஓடாத நகரத்தில் மோட்டார் வாகனத்தின் தேவையை எல்லாருக்கும் உணர்த்தியது. அடுத்த ஆண்டே வோல்ஸ்லி சிபி என்ற லாரியைச் செய்து இஷிகாவாஜிமா அரசு மானியம் பெற்றது. அதே வேளையில் ஃபோர்டு 1925இல் யோக்கோஹாமாவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1927இல் ஒசாக்காவிலும் பாகங்களைப் பூட்டி வண்டியாக்கும் தத்தம் தொழிற்சாலைகளைத் திறந்துவிட்டன. அவர்களுடைய விலைக்குக் கார் செய்ய எந்த ஜப்பானிய நிறுவனத்தாலும் அன்று இயலவில்லை. இராணுவத்தின் மானியம் இருந்த இடத்தில் மட்டுமே உள்நாட்டுத் தயாரிப்பாளர் மூச்சுவிட முடிந்தது.

1927இல் வோல்ஸ்லி ஒப்பந்தம் முடிந்தது. தோக்கியோவில் ஓடும் சுமிதா ஆற்றின் பெயரை வண்டிகளுக்குச் சூட்டினார்கள். 1929இல் மோட்டார் பிரிவு கப்பல் தளத்திலிருந்து தனி நிறுவனமாகப் பிரிந்தது. 1933இல் டாட் என்ற நிறுவனம் அதனுடன் இணைந்தது. ஆனால் டாட்டின் சிறிய காரான டாட்சன் இந்த இணைப்புக்குள் வராமல் வேறு கைக்குப் போய் நிசானுக்கு வித்தாயிற்று. அதாவது, நிசானும் இந்தக் குடும்பத்துக்கு ஒருவகையில் உறவே. 1934இல் வர்த்தகத் தொழில் அமைச்சுடன் சேர்ந்து வடிவமைத்த தரநிலை லாரிக்கு, இசே கோயிலருகே ஓடும் இசுசு ஆற்றின் பெயரை வைத்தார்கள். 1937இல் தோக்கியோ எரிவாயு மின்சார நிறுவனத்தின் வாகனப் பிரிவும் வந்து சேர, 1916இல் கூட்டாகத் திட்டமிட்ட இருவரும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள்.

இனி உங்கள் ஓட்டுநர் அண்ணன் சொன்ன செய்தி. 1941இல் நிறுவனத்தின் பெயர் டீசல் மோட்டார் தொழில் நிறுவனம் என்று மாறியது. 1942இல் அதன் ஹினோ தொழிற்சாலை தனியாகப் பிரிந்து ஹினோ கனரகத் தொழில் ஆயிற்று. இன்றைய ஹினோ அதுதான். எஞ்சிய பகுதி 1949இல் இசுசு மோட்டார்ஸ் என்று பெயர் பெற்றது.

என் மதிப்பீட்டில் இவ்வளவிலும் முக்கியமான ஆண்டு 1941தான். 1936ஆம் ஆண்டின் வாகனத் தயாரிப்புத் தொழில் சட்டம், உரிமம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே பெருமளவில் வாகனம் செய்யலாம் என்று விதித்தது. அதன் கீழ் முதலில் டொயோட்டாவும் நிசானும் உரிமம் பெற்றன. மூன்றாவதாக, டீசல் வாகனங்களுக்கென்று உரிமம் பெற்றது இந்த நிறுவனம். டொயோட்டாவும் நிசானும் பெட்ரோல் எஞ்சினில் கைதேர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் இவர்கள் தம் திறமை முழுவதையும் டீசலில் கொட்டினார்கள். அந்த வேறுபாடு போருக்குப் பிறகும் மறையவில்லை.

காக்கிபுக்கிட்_பட்டறை:

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் பல ஆண்டுகளாக டீசல் எஞ்சின் பிரித்துப் பூட்டும் வேலை செய்பவன். ஆகவே எஞ்சினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டீசல் எஞ்சினில் தீப்பொறிச் செருகி கிடையாது. காற்றை மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தி, அந்த அழுத்தத்தால் பிறக்கும் சூட்டில் எரிபொருளைப் பீய்ச்சி எரிய வைக்கிறோம். அழுத்தம் தாங்க வேண்டியிருப்பதால் சிலிண்டர் தொகுதி, தலை, கிராங்க் தண்டு எல்லாம் கனமாக இருக்க வேண்டும். எரிபொருள் பம்பும் நாசிலும் மிக நுண்ணிய துல்லியத்தோடு கடையப்பட வேண்டும். 1930களில் இதைச் செய்யும் திறன் ஜப்பானில் மிகச் சிலரிடமே இருந்தது. இவர்கள் 1936இல் டிஏ4, டிஏ6 என்ற காற்றால் குளிர்விக்கப்படும் டீசல் எஞ்சின்களை உருவாக்கினார்கள். தண்ணீர் உறைந்துபோகும் மஞ்சூரியக் குளிரில் ஓடும் வண்டி வேண்டும் என்று இராணுவம் கேட்ட காலம் அது. அந்த எஞ்சின்களின் பின்னால் இருந்த பொறியாளர் இத்தோ மாசாவோ. முன் எரியறை, அதாவது எரிபொருள் முதலில் எரியத் தொடங்கும் சிறு அறை, கொண்ட அவருடைய வடிவமைப்பே பின்னர் ஜப்பானிய இராணுவத்தின் பொதுத்தர டீசல் எஞ்சினுக்கு அடிப்படையாயிற்று. ஒரு நிறுவனத்தின் எரியறை வடிவம் நாடு முழுவதற்கும் அளவுகோல் ஆனது என்றால், அந்த வேலையின் தரத்தை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

போருக்குப் பிறகு நம்மைப் போன்றோருக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஆண்டு 1959. அந்த ஆண்டில் எல்ஃப் என்ற இரண்டு டன் லாரி வந்தது. ஓட்டுநரின் இருக்கை எஞ்சினுக்கு மேலே அமைந்த, மூக்கில்லாத முகம் கொண்ட லாரி. முதலில் பெட்ரோல் எஞ்சினோடு விற்றார்கள். 1960இல் இரண்டு லிட்டர் டீசல் எஞ்சின் பொருத்தினார்கள். அதுவரை டீசல் என்றால் பெரிய லாரிக்கும் பேருந்துக்கும் உரியது என்ற எண்ணம் இருந்தது. சிறு வியாபாரி வாங்கும் லாரியில் டீசலைக் கொண்டுவந்து, எரிபொருள் செலவு இவ்வளவு குறையும் என்று அவர் கையிருப்பிலேயே காட்டியதுதான் எல்ஃபின் வெற்றி. அந்த வண்டியே வெளிநாடுகளில் ‘என்’ (N) வரிசை என்று விற்கப்படுகிறது. துவாஸ்வாசி ஐயா நாள்தோறும் ஒதுக்கும் என்பிஆர், என்என்ஆர் எல்லாம் அதன் வழித்தோன்றல்களே.

இந்த அமைப்பு சிங்கப்பூருக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எஞ்சினுக்கு முன்னால் மூக்கு நீளாததால், அதே நீள வண்டியில் சரக்குத் தளத்துக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளின் பின்புற வழியிலும் பழைய கடைவீடுகளின் சந்திலும் வண்டியைத் திருப்ப முடிகிறது. இங்கே சுமையில்லா எடை 2500 கிலோவுக்குள் இருக்கும் லாரியை மூன்றாம் வகுப்பு உரிமம் வைத்திருப்பவர் ஓட்டலாம். அதற்கு மேல் போனால் நான்காம் வகுப்பு வேண்டும். எனவே அந்த வரம்புக்குள் அடங்கும் பத்தடி லாரிக்குச் சிறு ஒப்பந்தக்காரர்களிடம் எப்போதும் தேவை உண்டு. வாகன உரிமைச் சான்றிதழில் சரக்கு வண்டிகளுக்குரிய சி பிரிவின் கட்டணத்தையும் கட்டி வாங்கிய வண்டி, பத்தாண்டு முழுவதும் நின்று உழைக்க வேண்டும் என்றுதான் எந்த முதலாளியும் எதிர்பார்ப்பார்.

எஞ்சின் வரிசையில் நான் மதிப்பது 4ஜேபி1 என்ற 2.8 லிட்டர் எஞ்சினை. முன் எரியறை எஞ்சின் அமைதியாக ஓடும், எளிதில் புறப்படும். ஆனால் அந்தச் சிறு அறையின் சுவர்கள் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் எரிபொருள் வீணாகும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சினால் அந்த இழப்பு இல்லை. ஆனால் சிறிய எஞ்சினில் அதைச் செய்வது கடினம், இரைச்சலும் கூடும். 1980களில் இசுசு அதைச் சிறிய லாரி எஞ்சினிலேயே செய்து காட்டியது. அதே 4ஜேபி1 சீனாவிலும் உரிமத்தின் கீழ் தயாரிக்கப்பட்டு, அங்குள்ள சிறு லாரிகளில் பரவியது. அதன் அமைப்பு எளிமையானது. பட்டறையில் இருக்கும் கருவிகளைக் கொண்டே பிரித்துச் சீர்செய்துவிடலாம்.

லாரியில் மட்டும் இந்த எஞ்சின்களைத் தேட வேண்டாம். நம் எம்ஆர்டி ரயில் கட்டுமானத் தளங்களில் மண் அள்ளும் ஹித்தாச்சி எக்ஸ்கவேட்டர்கள் பலவற்றில் இருப்பது 5.2 லிட்டர் 4எச்கே1 அல்லது அதன் ஆறு சிலிண்டர் அண்ணனான 6எச்கே1. டென்யோ ஜெனரேட்டர்களிலும் இசுசு எஞ்சின் பொருத்திய வகைகள் உண்டு. லாரி விற்பனை மந்தமான ஆண்டிலும் எஞ்சின் விற்பனை கைகொடுக்கும் என்பது இதனால்தான்.

ஓட்டுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய வண்டிகளில் புகைத்துகளைப் பிடித்து வைத்து, அவ்வப்போது மிகுந்த சூட்டில் எரித்துவிடும் டிபிடி என்ற வடிகட்டி இருக்கிறது. எஞ்சினை அணைக்காமல் நீண்ட நேரம் நிறுத்தி வைப்பதும், மிகக் குறுகிய தூரமே ஓட்டுவதும் அதை விரைவில் அடைத்துவிடும். விளக்கு எரிந்து எச்சரித்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, அது எரித்து முடிக்கும்வரை பொறுத்திருங்கள். 2018 ஜனவரி முதல் இங்கே பதிவாகும் டீசல் வண்டிகளுக்கு யூரோ 6 என்ற புகை வெளியேற்றத் தரம் கட்டாயம் என்பதால், வடிகட்டியைப் புறக்கணித்து வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும் வழி இனி இல்லை.

துவாஸ்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் அண்ணனிடம் 1942ஆம் ஆண்டுச் செய்தியைப் படித்துக் காட்டினேன்; மிகவும் மகிழ்ந்தார். டிபிடி பற்றிய குறிப்பை எங்கள் ஓட்டுநர் அறையில் ஒட்டி வைக்க அனுமதி வேண்டுகிறேன்.

கார் பற்றிய கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. டீசலில் இவ்வளவு கைதேர்ந்தவர்கள் ஏன் காரில் இறங்கினார்கள், ஏன் வெளியேறினார்கள் என்பதைச் சொல்ல முடியுமா? ஜெனரல் மோட்டார்ஸ்தான் அவர்களைக் காரிலிருந்து வெளியே தள்ளியது என்று ஓரிடத்தில் படித்தேன். அது உண்மையா?

அம்பத்தூர்_மகன்:

நான் சென்னையில் வாகன உதிரிபாகத் தொழிலில் வளர்ந்து, இப்போது சிங்கப்பூரில் பணிபுரிபவன். ஜெனரல் மோட்டார்ஸ் வெளியே தள்ளியது என்பதை நான் ஏற்கவில்லை. காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவம் தந்த லாரிக் கட்டளைகளால் டொயோட்டா, நிசான், இசுசு மூன்றும் நிமிர்ந்தன. கையில் பணம் வந்ததும், சாதாரணக் குடும்பங்களும் கார் வாங்கும் காலம் வரும் என்று கணித்த இசுசு, 1953இல் பிரிட்டனின் ரூட்ஸ் குழுமத்துடன் ஒப்பந்தம் செய்து ஹில்மன் மிங்க்ஸ் காரைப் பூட்டத் தொடங்கியது. 1957க்குள் அதன் பாகங்கள் அனைத்தையும் ஜப்பானிலேயே செய்யும் நிலையை எட்டியது. 1961இல் பெல்லல் என்ற சொந்தக் கார் வந்தது. அதில் டீசல் எஞ்சினும் கிடைத்தது என்பது இவர்களுடைய இயல்பைக் காட்டுகிறது. 1963இல் பெல்லட், 1967இல் ஃப்ளோரியன், 1968இல் நீங்கள் படத்தில் பார்த்த 117 கூப்பே. அதை வரைந்தவர் இத்தாலியின் ஜோர்ஜெட்டோ ஜுஜாரோ. அப்போது அவர் டூரின் நகரின் கியா வடிவமைப்பகத்தில் இருந்தார். தொடக்க ஆண்டுகளில் அந்தக் காரின் உடற்பகுதியைப் பெரும்பாலும் கைவேலையாகவே உருவாக்கினார்கள்.

குறை காரில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கார்த் தொழிலில் ஒரு மாதிரியை உருவாக்க ஆகும் செலவு, விற்கும் எண்ணிக்கையின் மீது பகிர்ந்தால்தான் தாங்கும். டொயோட்டாவும் நிசானும் நாடெங்கும் விற்பனை நிலையங்களை நிறுவி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய மாதிரிகளைக் கொண்டுவந்தன. இசுசுவின் விற்பனையாளர்களோ லாரி உரிமையாளர்களோடு பழகியவர்கள். குடும்பத்தோடு வந்து கார் பார்ப்பவரை ஈர்க்கும் கடைகள் அவர்களிடம் குறைவு. 1960களின் பிற்பகுதியிலேயே தனித்து நிற்க இயலாது என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்துவிட்டது. ஃபூஜி கனரகத் தொழில், மிட்சுபிஷி, நிசான் என்று அடுத்தடுத்துக் கூட்டு தேடி, எதுவும் நிலைக்காத பிறகுதான் 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் 34.2 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. ஆகவே கார்த் தொழிலின் நெருக்கடி அமெரிக்கர்கள் வருவதற்கு முன்பே இருந்தது.

அவர்கள் வந்ததால் கிடைத்த நன்மையையும் மறுக்க முடியாது. இசுசுவின் பிக்கப் வண்டி 1972 முதல் அமெரிக்காவில் செவ்ரோலே லவ் என்ற பெயரில் விற்றது. ஜெர்மனியின் ஓப்பல் கடெட்டை அடிப்படையாகக் கொண்டு 1974இல் வந்த ஜெமினி, சொந்தமாக உருவாக்கும் செலவை மிச்சப்படுத்தியது. 1981இல் மீண்டும் ஜுஜாரோ வரைந்த பியாட்சாவும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் கார்கள் ஈட்டித் தரவில்லை. யென்னின் மதிப்பு உயர்ந்ததும் ஏற்றுமதி வருவாய் குறைந்தது. 1990களின் தொடக்கத்தில் இழப்பு பெருகி, 1992 டிசம்பரில் செடான், கூப்பே வகைக் கார்களைத் தாமே செய்வதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அதன்பின் சில ஆண்டுகள் ஹோண்டாவிடம் கார் வாங்கித் தம் பெயரில் விற்றார்கள். பதிலுக்கு ஹோண்டா இவர்களுடைய நான்கு சக்கர உந்து வண்டிகளைத் தன் பெயரில் விற்றது. அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். இருவரும் தமக்குக் கைவந்ததை மட்டும் செய்தார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் இசுசுவிடம் உண்மையில் விரும்பியது டீசல் அறிவைத்தான். 1998இல் இருவரும் சேர்ந்து ஒஹாயோ மாநிலத்தில் டிமேக்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்து, 6.6 லிட்டர் வி8 டீசல் எஞ்சினான டுராமேக்ஸைச் செய்தார்கள். அமெரிக்கர்கள் பெருமையோடு ஓட்டும் கனரகப் பிக்கப்பின் எஞ்சினுக்குப் பின்னால் இசுசுவின் வடிவமைப்பு இருந்தது. ஆயினும் ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிந்தைய கடன் சுமை இசுசுவை அழுத்தியது. 1999இல் 49 விழுக்காடாக உயர்ந்திருந்த ஜெனரல் மோட்டார்ஸின் பங்கு, 2002இன் மறுசீரமைப்பில் 12 விழுக்காடாகக் குறைந்தது. அதே ஆண்டில் ஜப்பானில் பயணிகள் வாகன விற்பனையும் முடிவுக்கு வந்தது. 2006 ஏப்ரலில் எஞ்சிய பங்கையும் விற்று அமெரிக்கர்கள் விலகினார்கள். அவ்வாண்டின் நவம்பரில் டொயோட்டா 5.9 விழுக்காடு வாங்கியது. உங்கள் மேற்பார்வையாளரும் பழுதுபார்ப்பவரும் சொன்னவை இந்த இரு வெவ்வேறு காலங்களைப் பற்றியவை.

நம் பக்கத்துச் செய்தியையும் சேர்த்துக்கொள்கிறேன். இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் கான்டெசா காரிலும் அம்பாசடரிலும் இசுசு எஞ்சினைப் பொருத்தியபோது, அதுவரை மேடு ஏறத் திணறிய வண்டிகள் புத்துயிர் பெற்றன. இசுசு என்ற பெயரைத் தமிழ்நாட்டு வாடகைக் கார் ஓட்டுநர்கள் அறிந்தது அந்த எஞ்சினால்தான். பிறகு 2012இல் இசுசு மோட்டார்ஸ் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. 2016 ஏப்ரலில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் அதன் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கே டி-மேக்ஸ் பிக்கப் தயாராகிறது.

சிராங்கூன்_வாசகர்:

அன்பர்கள் எழுதியவை அனைத்தும் பயனுள்ளவை. ஆனால் 1930களையும் 1940களின் முற்பகுதியையும் தொழில்நுட்ப வளர்ச்சியாக மட்டும் படித்துக் கடந்துபோவது, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்களாகிய நமக்கு ஏற்றதன்று என்பதைப் பணிவுடன் சொல்ல விரும்புகிறேன்.

அந்த ஆண்டுகளில் இந்த நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர் ஜப்பானிய இராணுவம். 94 வகை என்று குறிப்பிடப்படும் ஆறு சக்கர இராணுவ லாரி இவர்களுடைய தயாரிப்பு. பெட்ரோல் எஞ்சினோடும் டீசல் எஞ்சினோடும் அது செய்யப்பட்டது. சீனப் போர்முனையிலிருந்து தென்கிழக்காசியா வரை ஜப்பானியப் படைகள் சென்ற இடமெல்லாம் அந்த லாரி சென்றது. 1942 பிப்ரவரி 15 முதல் 1945 செப்டம்பர் வரை இந்தத் தீவு சியோனான் என்ற பெயரில் அந்த இராணுவத்தின் பிடியில் இருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம், பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர்களில் பெருந்தொகையினர் திரும்பாமலேயே போனார்கள். டீசலுக்கென்று தனி உரிமம் கிடைத்ததும், எரியறை வடிவம் நாட்டின் பொதுத்தரமானதும், அதே போர்ப் பொருளாதாரத்தின் விளைவுகள்.

இதை எழுதுவது இன்றைய வண்டியையோ அதைச் செய்யும் தொழிலாளரையோ பழிப்பதற்காக அன்று. ஜப்பான், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா என எந்த நாட்டின் கனரக வாகன நிறுவனத்தை எடுத்தாலும் அதன் வளர்ச்சியில் இராணுவத்தின் பணம் உண்டு. துவாஸ்வாசி தம் ஓட்டுநர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது, அந்தப் பகுதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அவர்களில் சிலருடைய தாத்தா பாட்டியர் அந்தத் தோட்டங்களில் இருந்திருக்கலாம்.

பழையஏடு:

சிராங்கூன் வாசகர் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். 1941ஐத் திருப்புமுனை என்று நான் எழுதியபோது இந்தப் பொருளும் அதற்குள் அடங்கியிருக்கிறது. அதை விரித்துச் சொன்னதற்கு நன்றி.

அண்மைக் காலத்தைச் சுருக்கமாகச் சேர்த்துவிடுகிறேன். டொயோட்டாவுடனான பங்கு உறவு 2018இல் முடிந்து, 2021 மார்ச்சில் மீண்டும் தொடங்கியது. இம்முறை ஹினோவும் அந்தக் கூட்டில் இருந்தது. அதற்கு முன்பே, பேருந்துத் தயாரிப்பில் இசுசுவும் ஹினோவும் ஜே-பஸ் என்ற பொது நிறுவனத்தை அமைத்திருந்தன. 2021 ஏப்ரலில் இசுசு, வோல்வோவிடமிருந்து யூடி டிரக்ஸை வாங்கியது. முன்பு நிசான் டீசல் என்ற பெயரில் இருந்த யூடி, கனரக லாரியில் வலுவானது. இசுசுவின் வலிமையோ இலகு, நடுத்தர லாரிகளில். ஆகவே இந்த இணைப்பு பொருத்தமானது என்றே கருதுகிறேன். ஹினோவும் மிட்சுபிஷி ஃபூசோவும் ஒன்றிணைவதாக 2023இல் அறிவித்து, 2025 ஜூனில் இறுதி ஒப்பந்தம் செய்தன. 1942இல் பிரிந்தவர்கள் இப்போது ஜப்பானிய லாரித் தொழிலின் எதிரெதிர் அணிகளில் நிற்கிறார்கள்.

துவாஸ்வாசியின் தொழிலுக்கு அடுத்து வரப்போகும் மாற்றம் மின்சாரம். 2023இல் இசுசு எல்ஃபின் மின்கல வடிவத்தை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுமையையும் நாளொன்றுக்கு ஓடும் தூரத்தையும் பார்த்து, மின்கலத் தொகுதிகளின் எண்ணிக்கையைக் கூட்டியோ குறைத்தோ வாங்கும் வகையில் அதை அமைத்திருக்கிறார்கள். பெரிய லாரிகளுக்கு ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தை ஹோண்டாவுடன் சேர்ந்து ஆராய்ந்துவருகிறார்கள். சிங்கப்பூரில் 2025 முதல் புதிய டீசல் கார்களும் டாக்சிகளும் பதிவு செய்யப்படுவதில்லை. சரக்கு வண்டிகளுக்கு அந்தத் தடை இன்னும் வரவில்லை என்றாலும், 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும் என்பது அரசின் இலக்கு. இன்று வாங்கும் லாரிக்குச் சட்டப்படி இருபதாண்டு ஆயுள் உண்டு என்பதால், உங்கள் நிறுவனம் அடுத்த முறை வண்டி வாங்கும்போது அந்த இலக்கையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாறு உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

காக்கிபுக்கிட்_பட்டறை:

டிபிடி குறிப்பைத் தாராளமாக ஒட்டிக்கொள்ளுங்கள் ஐயா. அதோடு, எஞ்சின் எண்ணெய் மாற்றும்போது உங்கள் வண்டிக் கையேட்டில் குறிப்பிட்ட, சாம்பல் குறைந்த வகை எண்ணெயை மட்டுமே ஊற்ற வேண்டும் என்ற வரியையும் சேர்த்து எழுதிவிடுங்கள். வேறு எண்ணெயின் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிட்டால், எவ்வளவு சூட்டில் எரித்தாலும் அது போகாது.